ஹோம்ஸ் ரொட்டிக்காரருக்கு நாங்கள் கொடுத்த பட்டம்

எங்கள் சனத்தில் ஆண்பிள்ளைக்கு ஐம்பது தாண்டினால் இரண்டு வருத்தம் வரும். ஒன்று சீனி வருத்தம். மற்றது இராணுவ ஆய்வு. முதலாவதற்கு மொன்றியலில் நல்ல மருந்து இருக்கிறது.

அக்காவின் கணவர், என் அத்தான், இரண்டையும் ஒரே வருடத்தில் பெற்றுக்கொண்டவர். துணி இறக்குமதி செய்யும் கொம்பனி ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். துவக்கைக் கையால் தொட்டதில்லை. ஊரில் சண்டை சூடு பிடிக்க முதலே கொழும்புக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்த கெட்டிக்காரர். ஆனால் வாயைத் திறந்தால் பிராந்தியப் பாதுகாப்புத்தான். ஞாயிறு காலை டொலார்ட் கோயிலில் முருகனைக் கும்பிட்டு, பொங்கலையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, நாலைந்து பேர் பக்கத்துக் காப்பிக் கடையில் கூடுவார்கள். சீனி வருத்தக்காரர் என்பதால் ஒரு டோனட்டை நாலாக வெட்டுவார்கள். அதே கத்தியால் மத்திய கிழக்கையும் வெட்டுவார்கள்.

துனிசியாவில் சனம் தெருவுக்கு இறங்கிய நாளிலிருந்து அத்தானுக்கு ஓய்வில்லை. எகிப்தில் சனம் சதுக்கத்தில் கூடி ஜனாதிபதியை இறக்கியபோது, "இனி ஆமி படுத்திடும், இருந்து பாருங்கோ" என்றார். ஆமி படுக்கவில்லை. பின்வாசலால் வந்து முன்கதிரையில் இருந்துகொண்டது. லிபியாவில் ஆறு மாதத்தில் ஜனநாயகம் என்றார். அங்கே ஒரு நாட்டுக்கு இரண்டு அரசாங்கம் வந்தது. "ஒண்டு கேட்டதுக்கு ரெண்டு கிடைச்சிருக்கு, பிறகென்ன" என்றாள் என் மனைவி. யேமனைப் பற்றி என்ன சொன்னார் என்பதை அவரே மறந்துவிட்டார். சிரிய ஜனாதிபதியைப் பற்றி மட்டும் ஆள் அசையவில்லை. "உவனை ஒருத்தராலும் கிளப்பேலாது. ரஷ்யன்ர கடற்படைத் தளம் அங்க இருக்கு" என்பார். எங்கே தொடங்கினாலும் அந்த ஆய்வு கடைசியில் திருகோணமலைத் துறைமுகத்தில் போய்த்தான் நிற்கும். கூட்டத்தில் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர் ஒருவர் இருந்தார். "நான் உந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்தில மீன் வாங்கினதுதான் ஞாபகம்" என்பார் பாவம். நேரில் பார்த்தவர் என்பதால் அவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தக் கூட்டத்திடம்தான் என்னோடு வேலை செய்த சிரியாக்காரர் வந்து மாட்டினார்.

நகரத்தின் கிழக்கே, துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொன்ரெய்னர்களில் வரும் சாமான்களை இறக்கி அடுக்கும் வெயார்ஹவுஸில் எனக்கு வேலை. வீடு பியர்பொன்ட்ஸில். அதாவது மொன்றியல் தீவின் ஒரு முனையில் நித்திரை கொண்டு மறுமுனையில் முதுகை முறிக்கிற வாழ்க்கை. வழியில் சென் லோரோனில் அவரை ஏற்றிக்கொள்வேன். நாற்பதாம் நெடுஞ்சாலையின் நெரிசலில் பக்கத்தில் இருப்பவனைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும், அவ்வளவு நேரம் இருக்கும். அவருடைய அரபுப் பிரெஞ்சும் என்னுடைய தமிழ்ப் பிரெஞ்சும், முட்டுப்பட்ட இடத்தில் ஆங்கிலமுமாகக் கதைத்துக்கொள்வோம். வேலையிடத்துத் தமிழ்ப் பெடியள் சொல்வதைக் கேட்டு என்னை "அண்ணை" என்று கூப்பிடப் பழகியிருந்தார். மற்றதெல்லாம் நான் இங்கே தமிழாக்கியது.

சிரியாவில் ஹோம்ஸ் நகரத்தில் அவருடைய தகப்பனுக்கு ரொட்டிக் கடை, இவருக்கும் அங்கேதான் வேலை. எழுச்சி தொடங்கிய காலத்தில் ஒருநாள் தெருவில் ஊர்வலம் போனது, சூடு விழுந்தது, சனம் சிதறி ஓடியது. இவர் கடையின் இரும்புக் கதவை உயர்த்தி ஓடிவந்தவர்களை உள்ளே எடுத்துவிட்டுக் கீழே இழுத்துவிட்டார். சூடு ஓயும்வரை உள்ளே இருந்தவர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தார். யாரோ காட்டிக்கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டு போய், அடித்து, சில கிழமை வைத்திருந்து விட்டார்கள். அவ்வளவுதான் அவர் செய்த புரட்சி. பிறகு பெய்ரூத், பிறகு துருக்கியில் மெர்சின், அங்கே கல்யாணம், ஒரு பெண்பிள்ளை. அந்தப் பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தபோது அமெரிக்காவுக்கு வந்து, எல்லையால் நடந்து கியூபெக்குக்குள் ஏறியவர். அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். நிரந்தர வதிவிடம் கிடைத்தால் மனைவியும் மகளும் வரலாம். அதற்குத்தான் காத்திருந்தார். நடுவில் மெர்சினுக்குப் போய்ப் பார்த்துவர விசா கேட்டார். கொடுக்கவில்லை.

ஆகவே மகள் என் காருக்குள்தான் வளர்ந்தாள். எங்களுக்குக் காலை, அவர்களுக்கு மத்தியானம். ஃபோனில் வந்து விழுந்த பல்லைக் காட்டுவாள், கீறிய படத்தைக் காட்டுவாள், எனக்கும் கை காட்டுவாள். என் மனைவி ஒரு கார்டெரியில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிறவள். மகள் வந்தால் பிரெஞ்சு பிடிபடுமா என்று அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்பார். "மூண்டு மாசத்தில உங்கட பிரெஞ்சைத் திருத்தத் தொடங்கிவிடுவாள், பிறகு நீங்கள்தான் அழப்போறியள்" என்பாள் அவள். அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

எங்கள் மகனின் பிறந்தநாளுக்கு அவர் வந்திருந்தார். அத்தானும் வந்திருந்தார். ஹோம்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அத்தான் கேக்கை வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டார். இத்தனை வருடம் ஆய்வு செய்த நாட்டிலிருந்து ஒரு உயிருள்ள மனிதனை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மனுசனைச் சுவரோடு நிறுத்தி வைத்துக்கொண்டு சிரியாவின் நிலைமையை அவருக்கே விளங்கப்படுத்தினார். சிரியாக்காரர் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலை அத்தான் ஒரு தகுதியாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம், அத்தான் நிர்வாகத்தில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கம் கருத்தரங்கு வைத்தது. தலைப்பு: "அரபு எழுச்சிகளும் பிராந்தியப் பாதுகாப்பும்: ஈழத்தமிழர் கற்க வேண்டிய பாடங்கள்". சிறப்பு விருந்தினர் யார் என்று சொல்லத் தேவையில்லை. எனக்குச் சொன்னால் தடுப்பேன் என்று அத்தான் நேரே அவருக்கே ஃபோன் அடித்துக் கேட்டிருக்கிறார். "உங்கட ஆக்கள் சாப்பாடும் தருவினமாம் அண்ணை" என்று அவர் சந்தோசமாகச் சொன்னார். சாப்பாடுதானே, போய் வரட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் ஆட்களின் கூட்டங்களைப் பற்றி வெளியாட்களுக்கு ஒன்று தெரியாது. மேடையில் ஏறுகிறவருக்குப் பட்டம் கட்டாயம். பட்டமில்லாமல் ஒருவரைக் கூப்பிடுவது அவரை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவதற்குச் சமம். வருமான வரி நிரப்பிக் கொடுப்பவர் "பொருளியற் புயல்". கார் ஓட்டப் பழக்குகிறவர் "வீதிப் பாதுகாப்புச் செம்மல்". ஒரு தடவை கதிரைகளை இலவசமாகத் தந்தவருக்கே "விழாத் திலகம்" கொடுத்தார்கள், அதற்குப் பிறகு அந்த மனுசன் கதிரைக்குக் காசு கேட்பதை விட்டுவிட்டது. யாரும் இவற்றை நம்புவதில்லை. யாரும் இல்லாமல் விடுவதுமில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மனைவி என் விலாவில் இடித்தாள். "என்னப்பா இது? அந்த மனுசனைத் தளபதி எண்டு போட்டிருக்கு!"

மேடைக்குப் பின்னால் பதாகை. அதில் என் சிரியாக்காரர் பல்லுத் தெரியச் சிரிக்கிறார். கீழே, "சிரியப் புரட்சியின் முன்னணித் தளபதி". எங்கள் பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அதே பட்டத்தை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வேறு போட்டிருந்தார்கள்.

அத்தானைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

"அத்தான், உவர் எங்கை சண்டை பிடிச்சவர்? ரொட்டி சுட்ட மனுசன்."

"விசர்க்கதை கதையாதையும். ரொட்டி சுட்டவர் எண்டு பதாகையில போடேலுமே? சனம் வருமே?"

"இது அவற்ற பேப்பருகளுக்குப் பிரச்சினையாகும்."

"இஞ்ச பாரும், இது ஒரு மரியாதை. மரியாதை செய்யிறதால ஆருக்கு என்ன பிரச்சினை வரும்?"

அந்த மண்டபத்தில் இருந்தவர்களைப் பார்த்தேன். பாதிப்பேர் இந்த நாட்டில் அகதி விசாரணைக்கு ஏறியவர்கள். "நான் இயக்கத்தில இருக்கேல்லை, இருந்தவனைத் தெரியாது, அவன் சைக்கிளில போனதைக்கூடக் காணேல்லை" என்று சத்தியம் பண்ணிப் பண்ணிப் பேப்பர் எடுத்தவர்கள். ஒரு பழைய குறூப் படத்தில் பக்கத்தில் நின்றவன் யார் என்று கேட்டதற்கு வியர்த்துப் போனவர்கள். தளபதி என்ற சொல்லுக்கு இந்த நாட்டு அலுவலகங்களில் என்ன விலை என்று உலகத்தில் எங்களைவிடத் தெரிந்த சனம் இல்லை. அவ்வளவு பேரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். தங்கள் தலை இல்லையே, அதுதான். சிரியாக்காரர் பொன்னாடையோடு நின்று எல்லோரையும் கும்பிட்டார். படங்கள் அன்று பின்னேரமே சங்கத்தின் முகநூலில் ஏறின.

அடுத்த வசந்தத்தில் குடிவரவு அலுவலகத்தில் அவரை ஒரு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கடைசிக் கட்டம் என்று நினைத்துக்கொண்டு புதுச் சேர்ட்டுப் போட்டுக்கொண்டு போனார். அடுத்தநாள் காரில் ஏறியவர் மகளுக்குக்கூட ஃபோன் எடுக்கவில்லை.

"அந்தப் படத்தை மேசையில வைச்சுக் கேட்டவை அண்ணை. எந்தப் படையணி, எத்தனை பேர் உங்களுக்குக் கீழ இருந்தவை எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"எனக்குக் கீழ ரெண்டு பேர் எண்டு சொன்னன். ஒருத்தன் மா குழைக்கிறவன், மற்றவன் அடுப்புப் பாக்கிறவன். கேள்வி கேட்ட மனுசி சிரிக்கேல்லை."

நான் காரை ஓட்டிக்கொண்டே அத்தானை எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையால் எல்லாம் தமிழில் திட்டித் தீர்த்தேன். அவருக்கு மொழி விளங்கவில்லை, விசயம் விளங்கியிருக்கும்.

அவருடைய சட்டத்தரணி நல்ல மனுசி. கூட்டத்தை நடத்தியவரே ஒரு சத்தியக்கடதாசி கொடுக்கட்டும், அந்தப் பட்டம் உண்மையல்ல, மேடைக்காகச் சோடித்தது என்று எழுதட்டும் என்றார். இதைக் கொண்டுபோய் அத்தானிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. சங்கத்தின் நம்பகத்தன்மை என்று ஒன்று இருக்கிறதாம். நிர்வாகசபையைக் கூட்ட வேண்டுமாம். கூட்டினார்கள். கூட்டி, ஒரு மாதம் வாதாடி, ஒரு வாசகத்தைத் தயாரித்துத் தந்தார்கள்: "இவர் முறைப்படியான தளபதி அல்லர், ஆயினும் உணர்வால் என்றும் தளபதியே."

"ஐயோ கடவுளே!" என்று மனைவி தலையில் கையை வைத்தாள். சட்டத்தரணி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, உங்களுடைய சங்கத்துக்கு இவர் மேல் ஏதாவது கோபமா என்று கேட்டார்.

நான் போய்க் கத்தினேன். "உங்களுக்கு இது ஒரு பதாகை அத்தான். அந்தாளுக்கு அது பெண்சாதி பிள்ளை!" என்றேன். அத்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இளம் ஆட்களுக்கு நீண்டகாலப் பார்வை குறைவு என்றார். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கடைசியில் அலுவலைப் பார்த்தது அக்கா. சீனி ஏறியதால் அத்தானுக்குக் கண் மங்கல், கார் ஓட்டக் கூடாது. "நீங்கள் உதில கையெழுத்துப் போடுமட்டும் ஞாயிற்றுக்கிழமை நான் கார் எடுக்கமாட்டன். மத்திய கிழக்குக்கு பஸ்ஸில போங்கோ" என்று சொல்லிவிட்டாள். மூன்றாவது ஞாயிறு அத்தான் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதற்குள் கோடை முடிந்து இலையும் கொட்டிவிட்டது.

அந்த மார்கழியில்தான் யாராலும் கிளப்பேலாத ஜனாதிபதி ஓடினார். ஞாயிறு விடிய எனக்குச் சிரியாக்காரரின் ஃபோன். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "ஓடிட்டான் அண்ணை, ஓடிட்டான்" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லக் கூடாது. நகரத்து நடுவில் அவர்களுடைய சனம் கொடியோடு ஆடப் போகிறது, தானும் போகிறேன் என்றார். "போங்கோ, ஆடுங்கோ. ஆனால் ஒருத்தன்ர கமராவுக்கும் முன்னால நிக்காதேங்கோ" என்றேன். ஒரு மனிதனின் வாழ்நாள் சந்தோசத்துக்கு நான் கொடுத்த வாழ்த்து அது. காப்பிக் கடையில் அத்தான் அன்று இரண்டு துண்டு டோனட் சாப்பிட்டார். "நான் அப்பவே சொன்னனான்" என்றாராம்.

அதற்குப் பிறகு கோப்பு அசையவே இல்லை. கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். சிரியாவில் ஆட்சி மாறியதால் இனி எல்லாமே சுணங்கும் என்றார் சட்டத்தரணி. படத்தைப் பற்றிய கேள்வி வந்திருக்காவிட்டால் அந்தக் கோடையிலேயே முடிந்திருக்கும் என்றும் சொன்னார். அவர் ஏன் அதைச் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் கோபம். தெரியாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நித்திரையாவது வந்திருக்கும்.

மெர்சினிலும் சனம் மூட்டை கட்டத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் மகளைப் பார்த்து, "உங்கட நாடுதான் சரியாகிவிட்டதே, எப்ப போகிறாய்" என்று கேட்கிறார்களாம். அவருடைய மனைவியின் தாய் ஹோம்ஸில் தனியே. ஒருநாள் காலை, என் காருக்குள் வைத்து, ஃபோனில் அவள் சொல்லிவிட்டாள். கூப்பிடுவேன் கூப்பிடுவேன் என்று கேட்டது போதும், நான் என் அம்மாவிடம் போகிறேன். மகளையும் கூட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

இனி அவர் அங்கே காலை வைத்தால் இங்குள்ள அகதித் தகுதி போய்விடும். போகாவிட்டால் எதற்காகக் காத்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. ஒரு மாதம் வழமைபோல வேலைக்கு வந்தார். பிறகு பயணச்சீட்டு எடுத்தார்.

போக முதல் எங்கள் வீட்டில் ஒரு மத்தியானச் சாப்பாடு. கூப்பிடாமலே அத்தானும் வந்தார். உண்மையில் அவருக்குக் கவலைதான், அதை அவருக்குத் தெரிந்த ஒரே பாசையில் சொன்னார். போகக் கூடாது, கரையோரத்தில் இன்னும் கொலைகள் நடக்கின்றன, தெற்கில் இஸ்ரேல், வடக்கில் துருக்கி, புது ஆட்சியில் இருப்பவர்கள் நேற்று யாராக இருந்தவர்கள், பிராந்தியப் பாதுகாப்பு ஸ்திரப்பட இன்னும் பத்து வருடமாவது வேண்டும். எல்லாம் சரியான கதை என்பதுதான் கொடுமை. வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தான் சரியாகச் சொன்னார்.

சிரியாக்காரர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உண்மையாகவே அறிய விரும்புகிற மாதிரிக் கேட்டார்.

"உங்கட நாட்டில சண்டை முடிஞ்சு எவ்வளவோ வருஷமாச்செல்லோ? நீங்கள் ஏன் போகேல்லை?"

அத்தான் தண்ணீர் குடித்தார். "எங்கட நிலைமை வேற" என்றார்.

"என்ன வேற?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தைப் பார்த்தேன். வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, ஊரில் இன்னும் நிற்கும் ஆமி, எல்லாம் வாய்வரைக்கும் வந்தது. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் ஹோம்ஸில் ஒரு பிள்ளையை வைத்திருக்கிறவருக்கு முன்னால் ஒன்றையும் எடுத்து வைக்க முடியவில்லை.

என் மனைவிதான் அவருடைய கோப்பைக்குள் இன்னொரு கரண்டி சோறு போட்டபடி சொன்னாள். "இவையள் ஒருத்தரும் போகமாட்டினம் தம்பி. இவையளுக்கு நாடு ஆராயத்தான் வேணும், இருக்க இல்லை. நீங்கள் போங்கோ. பிள்ளை பாத்துக்கொண்டிருக்கும்."

விமான நிலையத்துக்கு நான் கொண்டுபோய் விட்டேன். அத்தான் வரவில்லை, அன்று காப்பிக் கடையில் ஈரானைப் பற்றி முக்கியமான கூட்டம். உள்ளே போக முதல் என்னைக் கட்டிப்பிடித்து, "மெர்சி, அண்ணை" என்றார். எதற்கு நன்றி என்று எனக்கு விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

சில நாளில் ஒரு படம் வந்தது. ஒரு வீட்டு வாசல். அவருடைய மனைவி சிரிக்கிறாள். அவர் குந்தியிருந்து இரண்டு கையையும் நீட்டுகிறார். மகள் தாயின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறாள். வேலையிடத்தில் கொன்ரெய்னருக்குப் பக்கத்தில் நின்று நான் அவரைக் கூப்பிட்டேன். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"கிட்ட வாறாள் இல்லை அண்ணை. என்னை வெளியில போகச் சொல்லுறாள். வாசலுக்கு வெளியில நிண்டு ஃபோன் அடிச்சால் மட்டும் கதைக்கிறாள்."

பின்னால் ஒரு சின்னக் குரல் ஏதோ கத்தியது.

"வையுங்கோ அண்ணை" என்றார். "இப்ப தனக்கு ஃபோன் அடிக்கச் சொல்லுறாள்."